பிளாக் பெல்ட்டுக்கு அப்புறம்: டெல்டாவிலிருந்து ஒரு பூம்சே வாழ்க்கை எவ்வளவு தூரம் போகும்?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு மண்டபத்தில் டேக்வாண்டோ போட்டி நடந்தால், கூட்டம் எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்வது எளிது. தலைக்கவசமும் மார்புக் கவசமும் கட்டிய பிள்ளைகள் ஒருவரையொருவர் உதைக்கிற ‘ஃபைட்’ பக்கம்தான் பெற்றோர், கைபேசி, கூச்சல் எல்லாம். அதே மண்டபத்தின் இன்னொரு ஓரத்தில் ஒரு பிள்ளை தனியாக நின்று, எதிரே யாருமே இல்லாமல், தடுத்து, குத்தி, உதைத்து, ஒரு நிமிடத்தில் ஆடி முடித்து வணங்கிவிட்டுப் போகும். அதுதான் பூம்சே. பெரும்பாலும் காலையிலேயே முடித்துவிடுவார்கள். பார்த்தவர்கள் குறைவு.

அந்த ஓரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. விதிப் புத்தகத்தின்படி, பூம்சே வீரரின் போட்டி வாழ்க்கை 12 வயதில் தொடங்கி 65-ஐத் தாண்டியும் ஓடலாம். உடலை வைத்து ஆடும் விளையாட்டுகளில் இவ்வளவு நீண்ட பாதை அபூர்வம். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நம் பக்கத்து வகுப்புகளில் நான் பார்த்தவரையில், அது 15 வயதில் நின்றுவிடுகிறது. திறமை போதாமல் நின்றால் ஏற்றுக்கொள்ளலாம். நிற்பதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதியையாவது நம்மால் மாற்ற முடியும்.

முதலில் அடிப்படை. டேக்வாண்டோ என்ற பெயர் கொரியாவில் 1955-ல் வந்தது. சியோலில் டேக்வாண்டோவின் தலைமை மையமான குக்கிவோன் 1972-ல் திறக்கப்பட்டது. உலகக் கூட்டமைப்பு 1973-ல் உருவானது. 2017 முதல் அதன் பெயர் வேர்ல்ட் டேக்வாண்டோ. பிளாக் பெல்ட்டுக்குள் இருக்கும் படிநிலையான டானுக்குச் சான்றிதழ் கொடுப்பது குக்கிவோன். போட்டி விதியும் பதக்கமும் வேர்ல்ட் டேக்வாண்டோவின் பொறுப்பு. இரண்டும் தனித்தனி வாசல்கள் என்பது தெரியாமல் ஒரு வாசலில் மட்டும் வருஷக்கணக்கில் பணம் கட்டும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய.

பூம்சே என்பது வரிசை மாறாத அசைவுத் தொகுப்பு. கலர் பெல்ட் பிள்ளைகளுக்கு தேகுக் 1 முதல் 8 வரை. பிளாக் பெல்ட்டுக்கு கொர்யோ, கும்காங், தேபெக், ப்யோங்வோன், சிப்ஜின், ஜிதே, சோன்க்வோன், ஹன்சு, இல்யோ என்று ஒன்பது. தேகுக் 1-ல் 18 அசைவுகள், கொர்யோவில் 30. போட்டியில் எதை ஆடுவது என்பதை வீரர் தீர்மானிக்க முடியாது. வயதுப் பிரிவுக்கு ஒரு பட்டியல் உண்டு, அதிலிருந்து குலுக்கிப் போடுவார்கள். 18 முதல் 30 வயது வரையிலான பிரிவுக்கு தேகுக் 6, 7, 8, கொர்யோ, கும்காங், தேபெக், ப்யோங்வோன், சிப்ஜின் என எட்டும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ‘எனக்கு கொர்யோ நல்லா வரும்’ என்று சொல்லிக்கொண்டு ஒரே ஒன்றைத் தீட்டிவைத்திருக்கும் பிள்ளை, குலுக்கலில் சிப்ஜின் வந்தால் அங்கேயே வெளியே.

இனி மதிப்பெண். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மொத்தம் 10. அதில் துல்லியத்துக்கு 4, வெளிப்பாட்டுக்கு 6. துல்லியத்தில் முழு 4-ஐயும் கையில் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். தவறு செய்யச் செய்ய எடுத்துக்கொள்வார்கள். சின்னப் பிழைக்கு 0.1, பெரிய பிழைக்கு 0.3. சின்னப் பிழை என்றால் எவ்வளவு சின்னது? கீழ்த்தடுப்பில் கை வந்து நிற்க வேண்டிய இடம் தொடைக்கு மேலே இரண்டு முஷ்டி உயரம். முகத்தடுப்பில் நெற்றிக்கு முன்னே ஒரு முஷ்டி இடைவெளி. குத்து முடிய வேண்டியது எதிராளியின் நெஞ்சுக்குழி உயரத்தில். முன்கால் மடித்து நிற்கும் ஆப்குபி நிலையில் உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்கு முன்காலில், பின்பாதம் உள்நோக்கித் திரும்பி, குதிகால் தரையை விட்டு எழாமல் இருக்க வேண்டும். குதிகால் ஒரு கணம் எழுந்தால் 0.1. அடுத்த திருப்பத்தில் மறுபடி எழுந்தால் மறுபடி 0.1. அசைவு ஒன்றை விட்டுவிட்டாலோ மாற்றிச் செய்தாலோ 0.3.

வெளிப்பாட்டின் 6-ஐ மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். வேகமும் விசையும் 2, லயமும் காலப்பிரமாணமும் 2, உள்ளிருந்து வரும் ஆற்றல் 2. ஐந்து அல்லது ஏழு நடுவர்கள் உட்காருவார்கள். மிக அதிகமான மதிப்பெண்ணையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி. இருவர் சமமாக நின்றால் வெளிப்பாட்டில் கூடுதல் வாங்கியவருக்கே வெற்றி.

ஃபைட்டில் இன்று மார்புக் கவசத்துக்குள்ளேயே மின்னணுக் கருவி இருக்கிறது, உதை பட்டால் அதுவே புள்ளி போடும். பூம்சேயில் அப்படி எதுவும் கிடையாது, எல்லாம் மனிதக் கண். அதனால் பூம்சே வீரரின் தொழில் என்பது, ஒரு நிமிடத்துக்குள் ஏழு ஜோடிக் கண்களுக்குச் சந்தேகமே வராதபடி உடலை நிறுத்துவது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது கடினமாக இருக்கக் கூடாது என்பது என் நம்பிக்கை. தஞ்சை நால்வர் பரதநாட்டியத்தின் அடவுகளுக்கும் மார்க்கத்துக்கும் வரிசை கொடுத்த மண் இது. பந்தநல்லூரும் வழுவூரும் இங்கேதான் இருக்கின்றன. அரங்கேற்றத்தில் முன்வரிசையில் உட்காரும் பாட்டி, “அரைமண்டி எழும்பிடுச்சு” என்று சொல்லிவிடுவார். அங்கசுத்தம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதற்குத்தான் பூம்சே நடுவர் 4 மதிப்பெண் வைத்திருக்கிறார். அடவை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு அபிநயத்துக்குத் தாவும் குழந்தையும், நிலை உறுதியாகாமல் வேகத்தைக் காட்டும் பூம்சே பிள்ளையும் செய்வது ஒரே தவறு. வேறுபாடும் உண்டு. நடனத்தில் தாளம் வெளியே இருந்து வருகிறது, நட்டுவாங்கம் தாங்கிப் பிடிக்கிறது. பூம்சேயில் தாளத்தை வீரர் தனக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். எங்கே நிறுத்துவது, எங்கே இரண்டு அசைவை ஒரே மூச்சில் தொடுப்பது, கும்காங்கில் ஒற்றைக்காலில் நின்றபடி கைகளை எவ்வளவு மெதுவாக விரிப்பது என்பதெல்லாம் உள்ளே ஓடும் கணக்கு. மேல்நிலை வீரர்களைப் பிரிப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான், உதையின் உயரம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்துவிட்டிருக்கும்.

சரி, வாழ்க்கைப் பாதைக்கு வருவோம். தனிநபர் பிரிவில் வயது அடுக்குகள் இப்படி: 12–14 கேடட், 15–17 ஜூனியர், 18–30, அப்புறம் 40 வரை, 50 வரை, 60 வரை, 65 வரை, 65-க்கு மேல். எடைப் பிரிவு கிடையாது. எடை குறைக்கப் பட்டினி கிடக்கும் வேலையும் இல்லை, தலையில் அடி வாங்கும் வேலையும் இல்லை.

இந்த அடுக்கைத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கேடட் என்பது ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்பு. ஜூனியர் என்பது பத்து, பதினொன்று, பன்னிரண்டு. உலக அளவில் பூம்சே வீரர் உருவாகும் மூன்று வருஷமும், நம் வீடுகளில் “இந்த வருஷம் மட்டும் விட்டுடு, அடுத்த வருஷம் போய்க்கலாம்” என்று சொல்லப்படும் மூன்று வருஷமும் ஒன்றேதான். பத்தாம் வகுப்புக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று இரண்டு முறை நிறுத்திய பிள்ளை 18 வயதில் திரும்பி வரும்போது இடுப்பு இறுகியிருக்கும். பக்கவாட்டு உதை முக உயரத்துக்குப் போய், அங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். அந்த நெகிழ்வைச் சின்ன வயதில் சம்பாதித்துத் தொடர்ந்து காப்பாற்றினால்தான் உண்டு.

படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. தேர்வு வருஷத்தில் பூம்சேயை முழுதாக நிறுத்தத் தேவையே இல்லை என்றுதான் சொல்கிறேன். ஃபைட் பயிற்சிக்கு ஜோடி வேண்டும், கவசம் வேண்டும், இடம் வேண்டும். பூம்சேக்கு ஒரு மொட்டை மாடியும் அரை மணி நேரமும் போதும். வாரத்தில் நாலு நாள் காலை, நீட்டல் பயிற்சி, இரண்டு நிலை, ஒரு பூம்சே, கைபேசியில் ஒரு காணொளி. இவ்வளவு செய்தால் உடல் மறக்காது. இதை வீட்டுக்கு வந்து சொல்லிப் புரியவைக்கும் மாஸ்டர்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் தொடர்கிறார்கள்.

இரண்டாவது முறிவு பிளாக் பெல்ட்டிலேயே இருக்கிறது. நம் ஊரில் அது முடிவுப் புள்ளி. மாலை போட்டு, உள்ளூர் பத்திரிகையில் படம் வந்து, வரவேற்பறையில் சட்டம் மாட்டி, கதை முடிந்தது. பூம்சே போட்டிக்கோ அது நுழைவுச் சீட்டு மட்டும்தான். குக்கிவோனின் பூம் அல்லது டான் சான்றிதழ் இல்லாமல் உலகப் போட்டியில் கால்வைக்கவே முடியாது. 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பூம், அதற்கு மேல் டான். முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கு 1 வருஷம், மூன்றாவதுக்கு இன்னும் 2, நான்காவதுக்கு இன்னும் 3 காத்திருக்க வேண்டும். 15-ல் முதல் டான் எடுத்தவர் 4-ஆம் டானைத் தொடும்போது 21.

இதில் மாஸ்டர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சின்ன ஊரில் டேக்வாண்டோ மட்டுமே வைத்துப் பிழைக்கும் மனிதருக்கு வருமானம் என்பது மாதக் கட்டணமும் பெல்ட் டெஸ்ட்டும். புதுப் பெல்ட், புதுப் பூம்சே என்று போய்க்கொண்டே இருந்தால்தான் பிள்ளைகள் வருவார்கள். ஏற்கெனவே தெரிந்த தேகுக் 4-ன் பின்பாதக் கோணத்தை ஒரு மாதம் திருத்தினால், “மாஸ்டர் புதுசா ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல” என்று வீட்டில் பேச்சு வரும். ஆனால் போட்டிக்கான உழைப்பு முழுக்க அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. வகுப்புக்குள்ளேயே பெல்ட்டுக்கு வருகிறவர்களையும் போட்டிக்கு வருகிறவர்களையும் பிரித்து, இரண்டாவது குழுவுக்குத் தனி நேரமும் தனிக் கட்டணமும் வைப்பது நேர்மையான வழி என்று நினைக்கிறேன். திருத்தத்துக்குப் பணம் கொடுக்கிறோம் என்று பெற்றோருக்கும் தெரியும், மாஸ்டருக்கும் கட்டுப்படியாகும்.

இடம் ஒரு தனிப் பிரச்சினை. பள்ளி மைதானத்தில் நடக்கும் வகுப்பு ஐப்பசி, கார்த்திகை மழையில் படுத்துவிடும். மண்டபத்தில் நடக்கும் வகுப்பு ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாள்களுக்கு வழிவிட வேண்டும். தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கமும் திருச்சியில் அண்ணா விளையாட்டரங்கமும் இருக்கின்றன. வேதாரண்யத்துப் பிள்ளை பள்ளி விட்டு அங்கே போய்த் திரும்ப முடியாது. தரையும் முக்கியம். சிமெண்டுத் தரையில் முன்பாதத்தில் திரும்பிப் பழகிய கால், போட்டிக்கு விரிக்கும் ‘மேட்’ மீது ஒட்டிக்கொள்ளும். திருப்பம் பாதியில் நின்று முழங்கால் முறுக்கிக்கொள்ளும். மேட் வாங்க முடியாத வகுப்புகள் போட்டிக்கு முந்தைய சில வாரங்களாவது மேட் உள்ள இடத்தில் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். முடிந்தால் என்று சொல்லி விட்டுவிடக் கூடிய காரியம் இல்லை இது, முழங்கால் போனால் திரும்ப வருவது பெரும்பாடு.

மூன்றாவது காரணம்தான் எனக்கு அதிக வருத்தம் தருவது. சான்றிதழ். இந்தியாவில் டேக்வாண்டோவை நிர்வகிக்கும் உரிமைக்காக ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் நெடுங்காலமாக மோதிவருகின்றன, வழக்கு நீதிமன்றம் வரை போனது. அதன் விளைவு, ‘நேஷனல்’ என்று பெயர் போட்ட போட்டிகள் பல நடக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து ரயில் ஏறி, பெற்றோர் வட்டிக்கு வாங்கிய பணத்தில் போய், பதக்கத்தோடு வரும் பிள்ளைக்கு, கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்று தெரியவருகிறது. மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் டேக்வாண்டோ இருக்கிறது. தமிழ்நாடு அரசும் வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் வைத்திருக்கிறது. ஆனால் எந்த அமைப்பு நடத்திய போட்டி, எந்த நிலை, பூம்சே அந்தப் போட்டியில் பதக்கப் பிரிவா என்பதையெல்லாம் பார்த்துத்தான் ஏற்பார்கள். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மாஸ்டரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2025-ல் உத்தராகண்டில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் பூம்சேயும் இருந்தது. அங்கே டேக்வாண்டோவில் முடிவுகளை முன்கூட்டியே பேசி வைத்ததாகப் புகார் எழுந்து, போட்டி இயக்குநரை மாற்றினார்கள். முழுக்க மனிதக் கண்ணை நம்பி நடக்கும் பூம்சேக்கு இப்படிப்பட்ட செய்தி இரட்டிப்பு அடி. நடுவர் மேல் நம்பிக்கை போனால் 0.1-க்காக ஒரு மாதம் உழைக்கச் சொல்லிப் பிள்ளையிடம் எந்த முகத்தோடு பேசுவது?

அப்புறம் ஒலிம்பிக். டேக்வாண்டோ 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் காட்சி விளையாட்டாக இருந்து, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டானது. ஆனால் அங்கே ஃபைட் மட்டும்தான், பூம்சேக்கு இன்றுவரை இடமில்லை. “ஒலிம்பிக்ல இல்லாததுக்கு எதுக்கு இவ்வளவு?” என்று கேட்கும் அப்பாக்களுக்கு என்ன பதில்? பூம்சேக்குத் தனி உலகப் போட்டி 2006-ல் சியோலில் தொடங்கியது, 2024-ல் ஹாங்காங்கில் நடந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2018 ஜகார்த்தாவில் முதன்முறையாகச் சேர்ந்தது. அங்கே பெண்கள் தனிநபர் பிரிவில் டெஃபியா ரோஸ்மானியார் வாங்கிய தங்கம்தான் போட்டியை நடத்திய இந்தோனேசியாவுக்கு அந்த விளையாட்டு விழாவின் முதல் தங்கம். கொரியர்களின் கோட்டையில் வேறு நாட்டுப் பெண் ஏறி நின்றார். 2023-ல் நடந்த ஹாங்சோ போட்டியில் ஆண், பெண் இரண்டு தனிநபர் தங்கமும் கொரியாவுக்கே திரும்பின. காங் வான்ஜின், சா யேஉன். இந்தியாவுக்கு 2024-ல் வியட்நாமின் டா நாங்கில் நடந்த ஆசியப் பூம்சே போட்டியில் ரூபா பாயோர் வெண்கலம் கொண்டுவந்தார். அவர் அருணாசலப் பிரதேசத்துப் பெண். பெருநகரப் பிள்ளைகளால் மட்டும்தான் முடியும் என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஹாங்சோவில் இறுதிக் கட்டத்தில் ஃப்ரீஸ்டைலும் ஆட வேண்டியிருந்தது. ஃப்ரீஸ்டைல் என்றால் இசையோடு, வீரரே அமைத்துக்கொள்ளும் பூம்சே. பறந்து அடிக்கும் பக்கவாட்டு உதை, காற்றிலேயே பல உதைகள், சுழன்று அடிப்பது, குட்டிக்கரணத்தோடு உதை என்று கட்டாய உறுப்புகள் உண்டு. ஆசிய மட்டத்தைக் குறிவைக்கும் பிள்ளைக்குப் பாரம்பரியப் பூம்சே மட்டும் இனிப் போதாது. நம் பக்கத்தில் இதற்குத் துணையாக வரக்கூடியவர்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர்கள். மெத்தை இல்லாமல், பிடிக்க ஆளில்லாமல், கைபேசிக் காணொளியைப் பார்த்து மணலில் குட்டிக்கரணம் பழகும் பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. அது வேண்டாம்.

பெண் பிள்ளைகள் விஷயம். பூம்சேயில் எட்டாம் வகுப்பு வரை பெண் பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள். அதற்கு மேல் மாலை வகுப்பு முடிந்து இருட்டில் பஸ் பிடித்து வீடு திரும்புவதுதான் முதல் தடை, வெளியூர்ப் போட்டிக்கு யார் கூடப் போவது என்பது அடுத்தது. காலை வகுப்பு வைத்த இடங்களில் பெண்கள் தொடர்கிறார்கள். இதைவிட எளிய மாற்றம் இருக்க முடியாது. போட்டி விதியும் இதற்குச் சாதகம்: ஜோடிப் பிரிவுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கட்டாயம். நல்ல பெண் வீரரை இழந்த வகுப்பு ஒரு பதக்கப் பிரிவையே இழக்கிறது.

18-க்கு மேல் தொடர்கிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரியோடு சேர்த்தே வகுப்பு எடுக்கத் தொடங்குகிறார்கள். பூம்சேயில் பரிசுப் பணத்தை நம்பி வாழ முடியாது. சோறு போடுவது பயிற்சிதான். தனியார் பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு நாள், மாலையில் சொந்த வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் தன் பயிற்சியை விட்டுவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. நாள் முழுக்க வெள்ளை பெல்ட் பிள்ளைகளுக்குத் தேகுக் 1 ஆடிக் காட்டிய உடல், இரவில் சிப்ஜின் ஆட மறுக்கும். வகுப்புக்கு முன் தன் பயிற்சியை முடித்துவிடுகிறவர்கள் மட்டுமே முப்பதைத் தாண்டியும் போட்டியில் நிற்கிறார்கள்.

முப்பதுக்கு மேல் என்ன இருக்கிறது என்று யாரும் நம் பக்கத்தில் கேட்பதே இல்லை. கராத்தேயின் காத்தாவில், பூம்சேக்கு நெருங்கிய உறவான அந்தப் பிரிவில், டோக்கியோ ஒலிம்பிக் தங்கத்தை ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸ் வாங்கியபோது அவருக்கு வயது 39. உடலின் வேகம் கொஞ்சம் இறங்கும் காலத்தில் லயமும் நிதானமும் ஏறும் என்பதற்கு அவர் ஆட்டமே சாட்சி. பூம்சே பட்டியலும் அதற்கேற்ப மாறுகிறது. 50-ஐத் தாண்டியவர்களுக்குத் தேகுக் எல்லாம் கழிந்து, கொர்யோவிலிருந்து ஹன்சு வரை வருகிறது.

பல வருஷங்களுக்கு முன் பிளாக் பெல்ட் வாங்கி, இப்போது வங்கியிலோ பள்ளியிலோ கடையிலோ வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வர விரும்பினால் முதலில் பார்க்க வேண்டியது, அன்று வாங்கிய டான் உண்மையிலேயே குக்கிவோனில் பதிவாகியிருக்கிறதா, இல்லை உள்ளூர் சங்கத் தாளோடு நின்றுவிட்டதா என்பது. பதிவு இல்லையென்றால் முதல் டானிலிருந்து மறுபடி எழுத வேண்டும்; கசப்பான வேலை, ஆனால் தடையில்லை. அடுத்தது, அன்று கற்ற பூம்சேயை அப்படியே நம்பாமல் இன்றைய அளவுகளை வைத்துத் திருத்திக்கொள்வது. 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஜோடிப் பிரிவும் மூவர் அணிப் பிரிவும் இருக்கின்றன. ஒரே மாஸ்டரிடம் கற்ற மூன்று பேர் திருவாரூரிலும் பட்டுக்கோட்டையிலும் சீர்காழியிலுமாக இருந்தால்கூட, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓரிடத்தில் கூடினால் ஓர் அணி தயார்.